மார்கழியில் பூத்த ஆப்பிள்

ஓடைக்குப்பம் முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய தேவயானியை வரவேற்றது அவளுடைய முகமேதான். பத்தடி உயர ஃப்ளெக்ஸ் பேனரில், பதினைந்து வருடத்துக்கு முந்தைய போட்டோவில், வெள்ளைக் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு சிவப்பு ஆப்பிள். மேலே தெலுங்கிலும் கீழே தமிழிலுமாக, 'வெயிலில் விளையும் ஆப்பிள். நமது ஊர் விஞ்ஞானி டாக்டர் தேவயானி அவர்களின் ஆசியுடன்' என்று எழுதி, ஓரத்தில் அண்ணன் மகன் கிஷோரின் செல் நம்பர். அவள் கழுத்துக்கு நேராக யாரோ சாணியை அடித்திருந்தார்கள். அது காய்ந்து வெடித்திருந்ததால் அடித்து நாலைந்து நாளாவது ஆகியிருக்கும்.

சாணி அடித்தவனைக் குறை சொல்வதற்கில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் பதினொரு பேர் அந்த முகத்தை நம்பி, காய்த்துக்கொண்டிருந்த மாமரத்தை வெட்டிவிட்டு ஆப்பிள் கன்று நட்டவர்கள். இதுவரை ஒருவரும் ஒரு காயைக் கண்ணால் பார்க்கவில்லை.

தேவயானிக்கு ஐம்பத்தொன்பது வயது. திருப்பதியில் விவசாயம் படித்து, சிம்லாவுக்கு மேலே ஒரு பழ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து முப்பத்திரண்டு வருடம் அங்கேயே கழித்தவள். கல்யாணம், காட்சி ஒன்றும் இல்லை. அவள் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், ஆப்பிள் மொட்டு எவ்வளவு குளிரைத் தாங்கும், எந்த டிகிரியில் சாகும் என்று பார்ப்பது. கிளைகளை வெட்டிவந்து குளிர்ப்பெட்டியில் வைத்து, மணிக்கு இரண்டு டிகிரியாக இறக்கி, அப்புறம் ஒவ்வொரு மொட்டையும் பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்ப்பாள். உள்ளே பச்சை என்றால் உயிர். பழுப்பு என்றால் போச்சு. லட்சக்கணக்கில் அறுத்ததில் வலது கட்டைவிரல் நகம் கோணிப் போயிருந்தது. ஒரு மரம் சாவதற்கு முன் என்னென்ன செய்யும் என்பது நாட்டிலேயே அவளைப்போல் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். ஊரில் அவளுக்கு 'ஐஸ் டாக்டர்' என்று பேர். அதைப் பாராட்டாக யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பழனி செல்லில் ஒரு போட்டோ அனுப்பினான். இலை கருகிய ஒரு சின்ன மரத்தின் நுனியில் வெள்ளையாக நாலு பூ. கூடவே அவன் குரல்: "பாத்துக்க. பூத்துடுச்சி. வெள்ளிக்கெழம ஜேசிபி சொல்லிட்டேன். மிச்ச மாமரத்தயும் தள்ளிட்டு ஆப்பிளே வெச்சிடப் போறேன்." மிச்சம் என்பது அறுபத்தெட்டு மரம். அவர்கள் அப்பா, நைனா நாராயணசாமி, குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வளர்த்த தோத்தாபுரி, கூழுக்குப் போகிற மா ரகம். தேவயானி மூன்று தடவை போன் போட்டாள். அண்ணன் எடுக்கவில்லை. அதனால்தான் வியாழக்கிழமை காலை புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வீட்டில் அண்ணி பிரமிளா களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை.

"வந்துட்டியா. செருப்ப வெளிய உடு. இப்பதான் தொடச்சேன்."

"அண்ணன் எங்க அண்ணி?"

"எங்க பூடுவாரு? ஒனக்கு பயந்து ஓடிட்டாருன்னு நெனச்சியா?"

பழனி பின்கட்டிலிருந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தான். அறுபத்து மூன்று வயது. தங்கையைப் பார்த்து அவன் சிரித்த கடைசி வருடம் எது என்று அவனுக்கே நினைவிருக்காது.

"இன்னா சொல்லாம கொள்ளாம வந்துக்கினு கீற?"

"நீ போன எடுத்திருந்தா சொல்லியிருப்பேன். மரத்த வெட்டாதண்ணா. அந்தப் பூவ நம்பாத."

"மொதல்ல குந்து. வந்ததும் வராததுமா வெட்டாத, நம்பாதன்னுக்கினு. நைனா செத்தப்ப கூட பதினோராம் நாளுதான் வந்த. மரத்துக்கு இன்னா இம்மாம் அவசரம்?"

அது உண்மை. பனிப் புயலில் ரோடு அடைத்திருந்தது என்று அவள் அப்போதே சொல்லியிருந்தாள். யாரும் நம்பவில்லை. தென்னாட்டுக்காரனுக்குப் பனி ரோட்டை அடைக்கும் என்று எப்படித் தெரியும்?

பிரமிளா களி உருண்டையைத் தட்டில் போட்டு, நடுவில் குழி பண்ணி, மொச்சைக் குழம்பை ஊற்றித் தள்ளினாள். கருவாடு பழனியின் தட்டில் மட்டும் இருந்தது. தேவயானி அதைக் கவனித்தாள், கவனிக்காததுபோல் தின்றாள்.

"நைனா வெச்ச மரம்ணா அது" என்றாள்.

"நைனா வெச்சாரு, பூட்டாரு. அந்தக் காய சொமக்கறவன் நானு. போன ஆனி மாசம் மூணு நாளு டிராக்டரோட மாங்கூழு ஃபேக்டரி வாசல்ல நின்னேன். வெயிலு. காயி அடியில வெந்து தண்ணி உட்டுக்கினு கெடக்குது. மூணாம் நாளு, இனிமே எடுக்கறதில்லன்னு கேட்ட சாத்திட்டான். ஏரிக்கரையில கொட்டிட்டு வந்தேன். மாடு கூட மோந்து பாத்துட்டு நவுந்து போச்சு. அன்னிக்கு நீ எங்க இருந்த?"

தேவயானி களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தாள். பழனியே தொடர்ந்தான்.

"எங்கியோ குளிருல இருந்த. நான் எம்மாம் படிச்சவன்? ஒனக்குப் படிக்க அனுப்பன காசுல நைனா எனக்கு ஒரு மோட்டார் போட்டுக் குடுத்திருந்தாருன்னா நான் யார் வாசல்லயும் நிக்கத் தேவலாம்."

"சரிண்ணா. திட்டு. ஆனா நாளிக்கு ஜேசிபிய மட்டும் நிறுத்து. ஒரு மாசம் பொறு."

"தை பொறந்தா மா பூவெடுத்துடும். பூவெடுத்த மரத்த நம்ம குடும்பத்துல வெட்றதில்ல. தெரியுமில்ல? அதான் நாளிக்கே."

இந்த நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. பூத்த மரத்தை வெட்டினால் பாவம், பூப்பதற்கு முந்தின வாரம் வெட்டினால் பாவமில்லை. எங்கள் பக்கத்தில் பாவத்துக்குக்கூட ஒரு தேதி உண்டு.

கிஷோர் பைக்கில் வந்து இறங்கினான். இருபத்தேழு வயது, பி.டெக். கம்பெனி வேலை எட்டு மாதம் பார்த்துவிட்டு, மேல் அதிகாரி திட்டினான் என்று வந்தவன். அதற்கப்புறம் ஒரு நர்சரிக்கு ஏஜெண்ட் ஆனான். கெட்ட பையன் இல்லை. அத்தையின் பேரைச் சொன்னால் ஊரில் தன்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று கண்டுகொண்ட பையன்.

"அத்த, வா காட்றேன்" என்று அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போனான். பழனியும் பின்னால் வந்தான்.

தெற்குப் பக்கம் மாமரங்கள் கருப்பாக, அடர்ந்து நின்றன. வடக்கில், முன்பு நாற்பது மாமரம் நின்ற இடத்தில், நூற்றிருபது ஆப்பிள் கன்றுகள். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஓரம் கருகின இலையோடு நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் உமி மேடு. ஒரே ஒரு கன்றில் மட்டும் பூ. அதற்கு மஞ்சள் கயிறு கட்டிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

தேவயானி கைப்பையிலிருந்து பிளேடை எடுத்தாள். பக்கத்துக் கன்றில் ஒரு மொட்டை நறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பழுப்பு. இன்னொன்று, பழுப்பு. பன்னிரண்டு அறுத்தாள். பன்னிரண்டும் செத்திருந்தன.

"இது என்னடா உமி?"

"ஐஸ் கரையாம இருக்கறதுக்கு அத்த."

"என்ன ஐஸ்?"

"நீதான சொன்ன? ஐப்பசியில போன் பண்ணேன்ல? ஆப்பிளுக்கு எத்தினி ஹவர் குளிரு வேணும்னு கேட்டேன். ஆயிரம் ஹவர்னு சொன்ன. நாப்பத்திரண்டு நாளு ஆவுது. சூளூர்பேட்டையிலேர்ந்து மீன் லாரிக்குப் போற பார் ஐஸ எறக்கி, ஒடச்சி, நாப்பத்திரண்டு நாளும் போட்டேன். எல்லா தோட்டத்துக்கும். ஒரு ஹவர் கொறையல."

தேவயானிக்கு அந்த போன் நினைவிருந்தது. மீட்டிங்குக்குப் போகிற வழியில், ரகத்தைப் பொறுத்து, சாதாரணமாக ஆயிரம் மணி நேரம் என்று சொல்லிவிட்டு வைத்தாள். எதற்கடா கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குளிர் மொட்டுக்குத்தாண்டா வேணும். வேருக்கு இல்ல. கால்ல ஐஸ் வெச்சா தலைக்கு எப்படிடா குளிரும்? அதுவும் கன்னு ஒரு பக்கம் காஞ்சிக்கினே போவுது பாரு."

"அப்ப பூத்தது?"

"சாகப் போற மரம் பூக்கும்டா. வேர் போயிடுச்சின்னு தெரிஞ்சா இருக்கற சத்தையெல்லாம் பூவுல கொட்டிப் பாக்கும். நான் ஆயிரம் மரத்துல பாத்திருக்கேன்."

பழனிக்கு முகம் கறுத்தது.

"ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா? மூணு வருசம் கழிச்சி எம்புள்ள கை பட்டு ஒண்ணு பூத்துக் கீது. அத சாவுதுங்கற."

"இலை ஓரத்தப் பாருண்ணா. தண்ணி இல்லாம காஞ்சா இப்படிக் காயாது. கிஷோரு, ஐஸ்ல வேற என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல" என்றான் கிஷோர். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு வேளை தாண்டி ரங்கையா வந்தான். கூட ஆப்பிள் நட்ட ஏழெட்டு ரைத்துகள், விவசாயிகள். ரங்கையாவுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கரா. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற ஆள். அவன் கையில் ஒரு அட்டை இருந்தது. லேமினேட் பண்ணினது.

"நமஸ்தே மேடம். இது யாரு போட்டது?"

அது கன்று விற்கும்போது கிஷோர் எல்லாருக்கும் கொடுத்த செல்போன் திரையின் படம். மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கிஷோர் அந்த பேனரின் படத்தைப் போட்டு 'அத்த, ஓகேவா?' என்று கேட்டிருக்கிறான். கீழே தேவயானியின் பேரில் ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

"நான்தான்" என்றாள் தேவயானி. "படத்தப் பெருசு பண்ணிப் பாக்கல. வேலை நடுவுல அழுத்திட்டேன்."

"எங்க தாத்தா ஒரு கைநாட்டு வெச்சாரு. மூணு ஏக்கரா பூட்ச்சி. அவருக்கு சதுவு லேது, எழுத்து தெரியாது, வெச்சாரு. நீங்க இம்மாம் சதுவுகினு வெச்ச கைநாட்டுல என் மாந்தோப்பு பூட்ச்சி." ரங்கையா குரலை உயர்த்தவே இல்லை. "போவட்டும். இப்ப ஒங்கண்ணன் தோட்டத்துல பூத்துக் கீது. எங்குளுக்குப் பூக்கல. அதே ஐஸு, அதே உமி. ஒங்கண்ணனுக்கு மட்டும் இன்னா மந்து குடுத்தீங்க? செப்பண்டி."

"ஒரு மருந்தும் குடுக்கல. அந்த மரமும் சாவுது. ஒங்க மரமும் செத்துக்கினுதான் இருக்கும். தோண்டி வேரப் பாத்தா தெரியும்."

"அப்ப இத்தத் தோண்டுங்க. பூத்தத."

"அத எவனாவது தொட்டீங்கன்னா மரியாத கெட்டுடும்" என்றான் பழனி.

"சூசினாரா மேடம், பாத்தீங்களா? தோண்டக் கூடாதாம். சாவற மரத்துக்கு எதுக்கு இம்மாம் காவலு?" ரங்கையா திரும்பி மற்றவர்களிடம் சொன்னான். "அண்ணனும் தங்கச்சியும் பேசி வெச்சிக்கினு ஆடறாங்க."

அவர்கள் போகும்போது ஒருவன் தேவயானியின் காலடிக்குப் பக்கத்தில் துப்பிவிட்டுப் போனான். முப்பத்திரண்டு வருடத்தில் அவளை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். எச்சில் இதுதான் முதல் தடவை. அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவள் மறுபடியும் அண்ணனிடம் போய் நின்றாள். பூத்த கன்றை மட்டும் தோண்ட விடு, உயிர் வேர் ஒன்று இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை என்றாள். பழனி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். முப்பத்திரண்டு வருசம் படிச்சியே, இந்த மாமரத்தப் பத்தி ஒண்ணு சொல்லு. அடுத்த வருசம் காய எவன் வாங்குவான்னு சொல்லு. சொல்லிட்டு மரத்தக் காப்பாத்து."

மாமரத்தைப் பற்றி அவள் படித்தது ஒரே ஒரு பருவம், அதுவும் பரீட்சைக்கு. எவன் வாங்குவான் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்து, பனிமூட்டம் கலையும் நேரத்தில் ஜேசிபி வந்துவிட்டது. பிரமிளா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினாள். வேடிக்கை பார்க்க ஊர் வந்திருந்தது. ரங்கையாவும் வந்திருந்தான். டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டே, எந்த மூலையிலிருந்து ஆரம்பிப்பது என்று பழனியைக் கேட்டான்.

தேவயானி மாட்டுக் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக வடக்கே நடந்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். மஞ்சள் கயிறு கட்டின கன்றின் உமியை விலக்கி முதல் வெட்டு போட்டபோதுதான் பழனி பார்த்தான்.

"ஏமே, உடு அத."

அவள் விடவில்லை. அவன் ஓடிவந்து காம்பைப் பிடித்தான். இருவரும் இழுத்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபத்திரண்டு வயது. பார்க்கச் சகிக்கவில்லை. ரங்கையாதான் வந்து பழனியின் தோளில் கை வைத்தான்.

"தோண்டட்டும் உடு பழனி. மேமு கூட சூடணும். நாங்களும் பாக்கணும்."

"ஏன்டா, இது என் நெலம்."

"நெலம் ஒன்னுது. கன்னு ஒம்புள்ள எனக்கு வித்தது. அதே கன்னுதான இது?"

பழனி காம்பை விட்டான். தேவயானி தோண்டினாள். யாரும் உதவிக்கு வரவில்லை. ஒன்றரை அடியில் வேர் தெரிந்தது. கருப்பாக, ஊறின நார் மாதிரி. விரலால் இழுத்ததும் தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது. அவள் தண்டைப் பிடித்து இழுக்க, முழுக் கன்றும் பூவோடு கையில் வந்துவிட்டது. பிரமிளா "அய்யோ" என்றாள்.

"பாத்தீங்களா" என்றாள் தேவயானி.

"நீ வெட்டித்தான் அது செத்துது" என்றான் பழனி. கூட்டத்திலும் நாலு பேர் தலையாட்டினார்கள்.

அவள் குழியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டாள். நாக்கில் வைத்திருந்துவிட்டுத் துப்பினாள். இன்னொரு பிடி அள்ளி ரங்கையாவிடம் நீட்டினாள். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் முதல் ஊற்று மண்ணை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு வெட்டுவார்கள். ரங்கையா அப்படிப் பத்துக் கிணறு பார்த்தவன். வாயில் போட்டான். உடனே துப்பினான். பக்கத்திலிருந்தவனுக்குக் கொடுத்தான். அவனும் துப்பினான். ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, ஏழு பேர் துப்பினார்கள். கடைசியில் மண் பழனியிடம் வந்தது. அவன் அதை வாயில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தான்.

"உப்பு" என்றான் ரங்கையா. "கிஷோரு, இன்னாடா போட்ட?"

கிஷோர் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "கல்லுப்பு. குல்ஃபி வண்டிக்காரன் ஐஸ்ல போடறான்ல? குளிரு அதிகமா நிக்கும். அதான் ஷெட்டுலயே கலந்து மூட்ட கட்டி அனுப்பனேன். நம்ம தோட்டத்துக்கு கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டேன்."

"எல்லா தோட்டத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

அறை விழுந்த சத்தம் ஜேசிபி டிரைவருக்கும் கேட்டது. அடித்தது ரங்கையா இல்லை, அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவன். அப்புறம் இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். தேவயானி குறுக்கே போய் நின்றாள்.

"அவன அடிக்காதீங்க. ஆயிரம் மணி நேரம்னு சொன்னது நான். பேனருக்குச் சரின்னு விரல் வெச்சது நான். அவன் எதுக்குக் கேக்கறான்னு ஒரு நாளும் நான் கேக்கல. தப்பு என்னுது. அடிக்கணும்னா என்ன அடிங்க."

யாரும் அவளை அடிக்கவில்லை. வயதான பெண்பிள்ளையை எவன் அடிப்பான்? சட்டையைப் பிடித்தவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் கிஷோரை இன்னும் ஒன்று வைத்தான்.

"மண்ணு திரும்புமா மேடம்?" என்று ரங்கையா கேட்டான்.

"உடனே கன்னப் புடுங்கி, மேல் மண்ண வழிச்சி வெளிய கொட்டணும். அப்புறம் நல்ல மழை ரெண்டு வருசம் பேஞ்சா கழுவிக்கினு போவும்."

ரங்கையா ஜேசிபி டிரைவரிடம் போனான். "எங்க தோட்டத்துக்கு ரா, வா. இங்க வேல லேது" என்றான். டிரைவர் பழனியைப் பார்த்தான். பழனி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு திரும்பி ஓடைப் பக்கம் போயிற்று. கூட்டமும் அதன் பின்னால் போயிற்று. கிஷோர் பைக்கைக் கூட எடுக்காமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்து போனான்.

அறுபத்தெட்டு மாமரமும் நின்றன. பழனி வரப்பில் உட்கார்ந்தான். கையிலிருந்த மண்ணை அப்போதுதான் உதறினான்.

"நெனச்சத சாதிச்சிட்ட. மரம் நிக்குது."

"அண்ணா, அவன் பேரு கெடணும்னு நான் செய்யல."

"தப்பு ஒன்னுதுன்னு சொன்ன. எல்லாரும் கேட்டாங்க. ஆனா அடி யாருக்கு உழுந்துது? நீ நாளிக்கு பிளேன் ஏறிப் பூடுவ. அவன் இந்தத் தெருவுலதான நடக்கணும். அவனுக்கு எவன் இனிமே பொண்ணு குடுப்பான், எவன் இன்னான்னு கேப்பான்? மாமரமாவது எனக்குக் காயக் காட்டி கழுத்தறுத்துது. நீ கூடப் பொறந்து அறுத்த."

இத்தனை வருடத்தில் அண்ணன் அவளிடம் பொறாமையாகப் பேசியிருக்கிறான், குத்தலாகப் பேசியிருக்கிறான். அழுது பேசினது இல்லை. இப்போது அழுதான்.

"நான் போவலண்ணா" என்றாள். "பங்குனியில ரிட்டையர் ஆவறேன். லீவு இருக்கு, இப்பவே எடுத்துக்கறேன். பதினோரு தோட்டமும் சரியாவற வரைக்கும் இங்கயே இருக்கேன். அவன் கூட அந்தத் தெருவுல நானும் நடக்கறேன்."

"இருந்துக்க. எவன் ஊட்ல இருப்ப?"

அவள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிரமிளா அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வரப்போடு வந்துகொண்டிருந்தாள். வந்து, பையைக் கன்று பிடுங்கின குழிக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிடாமல் அதன் மேலேயே செருகியிருந்தாள். அப்படியே திரும்பிப் போனாள்.

தேவயானி பையை ஒரு தோளிலும் மண்வெட்டியை இன்னொரு தோளிலும் போட்டுக்கொண்டு, ஓடையைத் தாண்டி ரங்கையாவின் தோட்டத்துக்கு நடந்தாள். அங்கே அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.